பின்னால் வந்த பிக்கப்

"பிக்கப் வராட்டி நானும் வரேல்லை," என்று முடிவாகச் சொல்லிவிட்டாள் சிவகௌரி.

பென்சன் எடுத்த கையோடு ஊர் சுற்றவென்று கணவர் தவராசா வாங்கிய வோன்மொபில் என்ற வீட்டு வண்டி, ஜெர்மனியின் வுப்பர்டாலில் அவர்களுடைய வீதியையே அடைத்துக்கொண்டு நின்றது. கட்டில், சமைக்கக் குசினி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருந்தன. அதற்குப் பின்னால், அவள் காய்கறிக் கடைக்குச் சாமான் ஏற்றிய பழைய பிக்கப்பையும் டிரெய்லரில் வைத்து இழுக்க வேண்டுமாம்.

"அம்மா, ரெண்டு பேருக்கு ரெண்டு வாகனமோ? ஆக்கள் சிரிக்கப்போகினம்," என்றான் மகன் சேயோன்.

"சிரிக்கட்டும். அவையோ என்னோட குடும்பம் நடத்தினவை?"

கடைத்தெருவுக்குப் போகத்தான் கேட்கிறாள் என்று தவராசா நினைத்தார். டீசல் விலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு, மோசல் ஆற்றங்கரை வரை இழுத்து வந்தார். பிக்கப்பை அவரே பத்திரமாக இறக்கியும் விட்டார்.

"இது எதற்கு?" என்று பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த ஜெர்மன்காரர் கேட்டார்.

"தேவைப்படும்," என்றாள் சிவகௌரி.

மறுநாள் மத்தியானம், சொதியில் உப்பில்லை என்று தவராசா வழக்கம்போலக் கத்தினார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

சிவகௌரி அடுப்பை அணைத்துவிட்டு, பிக்கப்பின் திறப்புச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"எங்க போறீர்?"

"வீட்டில கோவம் வந்தா நீங்கள் காரை எடுத்துக்கொண்டு போயிடுவீங்கள். நான் குசினிக் கதவைச் சாத்திப்போட்டு அழுவன். இந்தக் குசினிக்குக் கதவில்லை."

தவராசாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "எப்ப திரும்பி வருவீர்?"

"நீங்கள் ஒருநாளாவது சொல்லிப்போட்டுப் போனனீங்களோ?"

பிக்கப் கிளம்பியது.