குலுக்கலில் விழுந்த வீடு

“உங்களுக்கு வீடு கிடைச்சிருக்கு” என்று போனில் சொன்ன பெண்ணுக்கு, எதிர்முனையில் ஆள் இருக்கிறானா என்று இரண்டு தடவை கேட்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில், மடித்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே, ரமிரோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான்.

குறைந்த வாடகை வீடுகளுக்கான குலுக்கலில் அவன் பெயர் கொடுக்காத கட்டடம் பிராங்க்ஸ் வட்டாரத்தில் பாக்கியில்லை. ஒரு வீட்டுக்கு ஊரே மனுப் போடுகிற இடத்தில் பெயர் விழுவது லேசில்லை. ஒரு படுக்கையறை, தெருவைப் பார்த்த ஜன்னல். நாளை சாயங்காலத்துக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

துள்ளிக் குதிக்க வேண்டியவன், மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்தான். எல்லாம் அம்மாவை நினைத்துத்தான்.

அப்பா போனபிறகு நில்சாவுக்கு இருப்பது இந்த ஒரே பிள்ளை. இருக்கிற வீட்டில் ஒரே படுக்கையறை, அது அவளுக்கு. நாற்பதைத் தொடப்போகிற ரமிரோ கூடத்து சோபாவில் படுக்கிறான். காலை நீட்டினால் டிவியில் இடிக்கும்.

அவன் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெயர் கொடுக்கும்போது நில்சா புனித அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றுவாள். கண்ணை மூடி முணுமுணுக்கும்போது கன்னத்தில் நீர் வழியும். ‘பிள்ளை போய்விடக் கூடாது என்று சாமிக்கு லஞ்சம் கொடுக்கிறாயா’ என்று அவன் சீண்டினால், எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கண்ணீர் எதற்கென்று அவனுக்கா தெரியாது?

மேற்பார்வையாளரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

மூலைக் கடை வாசலில் டாமினோ ஆட்டம் நின்றுபோயிருந்தது. நாலாவது கையான எலியாஸ் இன்னும் வரவில்லை என்று மூன்று கிழவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ரமிரோவுக்கும் ஏமாற்றம்தான். சேதியை முதலில் அவரிடம் சொல்ல நினைத்திருந்தான்.

எலியாஸ், ரமிரோ குடியிருக்கிற அதே கட்டடத்தில் நாலாவது மாடி. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எப்போதும் தேய்த்த சட்டை. ரமிரோவை எங்கே பார்த்தாலும், “என்ன தம்பி, வீடு வந்துச்சா?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்.

இன்னும் இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். “என்ன ஊரோ போங்க. நானும்தான் காத்துக்கிட்டிருக்கேன்” என்பார்.

இந்த வயதில் இவருமா குலுக்கலுக்கு அலைகிறார் என்று ரமிரோ மனம் இளகி, உங்கள் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று என் போனிலேயே பார்த்துச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டான். அவர் சிரித்துவிட்டார்.

“வேண்டாம் தம்பி. என் மனு வேற இடத்துல இருக்கு.”

பாவம், முதியோர் வீட்டுக்கு எழுதிப் போட்டிருப்பார் என்று ரமிரோ விட்டுவிட்டான்.

சாவி போட்டுக் கதவைத் திறந்ததும் துவரை போட்ட சோற்றின் வாசனை வந்தது. படுக்கையறையிலிருந்து நில்சா அவசரமாக வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்தினாள். பூப்போட்ட நல்ல கவுன் போட்டிருந்தாள், உதட்டில் சாயம். ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

“என்னடா இந்த நேரத்துல? உடம்புக்கு ஏதாவதா?”

அவளை சோபாவில் உட்காரவைத்து, விஷயத்தை மெதுவாகச் சொன்னான். ஒரு படுக்கையறை. தெருவைப் பார்த்த ஜன்னல். நாளைக்குள் பதில்.

நில்சா நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது உதட்டுச் சாயம் கன்னம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. கண் நிறைந்து வழிந்தது.

“எப்ப போற?” என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் ரமிரோ உருகிவிட்டான். இத்தனை வருஷம் சோபாவில் மடங்கிப் படுத்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டான்.

“எங்கயும் போகலம்மா. நாளைக்குக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிடறேன். உன்னைத் தனியா விட்டுட்டு எனக்கு எதுக்கு வீடு?”

நில்சாவின் அழுகை பாதியில் நின்றது.

“நல்லா யோசிச்சியா?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எத்தனை வருஷம் ஆனாலும் இந்த சோபாதான் எனக்கு. நீ இனிமே அழக் கூடாது.”

அவள் மகனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சுவரிலிருந்த அந்தோனியாரைப் பார்த்தாள். அவரிடம் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது என்பதுபோல. கையை உருவிக்கொண்டு எழுந்துபோய், சாத்தியிருந்த படுக்கையறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“எலியாஸ், வெளிய வாங்க. இவன் போகலையாம்.”