யானைக்குட்டியின் காது

அந்தப் பழைய கார்ட்டூன் படம் புது டிஸ்க்காக வருவதற்குத் தணிகைவேல் ஒன்பது வருடம் காத்திருந்தார். வந்த அன்றே பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் டிஸ்க்கும் கையுமாக, அதை வெளியிட்ட கம்பெனிக்குப் போய் நின்றார்.

"யானைக்குட்டி காதுல ஒரு கறை இருக்குமே, எங்க?"

"எடுத்தாச்சு சார். படம் முழுக்க ஒரு தூசி கிடையாது," என்றார் மேனேஜர்.

"அது தூசி இல்லய்யா. அந்தக் காதுக்குக் கையால கலர் அடிச்சது எங்கம்மா. காயறதுக்குள்ள தொட்டுட்டாங்க. அவங்க கட்டைவிரல் ரேகை அது."

"உங்கள மாதிரி டிஸ்க் சேக்கறவங்கதான சார், பளிச்சுன்னு வேணும்னு லெட்டர் மேல லெட்டர் போட்டீங்க?"

ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது என்று முதல் கடிதம் எழுதியவர் தணிகைவேல். எந்த டிஸ்க்கையும் விளிம்பில் மட்டுமே பிடிக்கிறவர், ஆத்திரத்தில் கையிலிருந்த டிஸ்க்கின் பளபளப்பில் கட்டைவிரலை அழுத்தி, மேஜையில் வைத்தார்.

மேனேஜரின் கை, பழக்கத்தில், துடைக்கும் துணியைத் தேடியது.