தள்ளினவங்க ஏறுங்க

"மறுபடியும் நின்னுடுச்சா?" என்றார் எரிபெர்தோ, முன்சீட்டில் சாய்ந்தபடியே.

"நின்னுடுச்சு தலைவரே," என்றான் யோஸ்பெல். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தப் பழைய ரஷ்ய வண்டி மூச்சே விடவில்லை.

பயாமோ நகரத்துக்குப் போகும் சாலையில், பஸ் வராத பஸ் நிறுத்தம். சரியாக அதன் எதிரில். நேற்றும் இங்கேதான் நின்றது, முந்தாநாளும் இங்கேதான்.

"உனக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் குடுத்தான்? குதிரை வண்டி ஓட்டத்தான் லாயக்கு," என்று சீறினார் எரிபெர்தோ.

யோஸ்பெல் பால் சேகரிப்பு ஆபீஸில் பிரிவுத் தலைவர் எரிபெர்தோவுக்கு டிரைவராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனைவி நிறைமாதம். இந்த வேலை போனால் கதி என்ன என்பதுதான் அவன் கவலை.

நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"வந்துட்டாரு பாரு நம்ம மாப்பிள்ளை. வாங்க, தள்ளுங்க," என்றாள் நர்ஸ் உடையில் இருந்த ஒருத்தி, வண்டியைக் காட்டி.

தள்ளினார்கள். யோஸ்பெலும் கதவைத் திறந்து, ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தள்ளினான். எரிபெர்தோ அசையவில்லை. அந்த ஆள் ஒருநாளும் இறங்கித் தள்ளியதில்லை.

"உள்ள இருக்கற மகராசன் இறங்கினாலே பாதி பாரம் குறையும்," என்றார் ஒருவர், அவர் காதில் விழும்படியே.

யோஸ்பெல் தாவி ஏறி கியரைப் போட்டதும் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது.

எங்கள் கியூபாவில் ஒரு வழக்கம். தள்ளிக் கிளப்பியவர்களைச் சாலையில் விட்டுவிட்டு எவனும் போக மாட்டான். போனால் அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்ட முடியாது.

ஆனால் புது இயக்குநரின் உத்தரவு வேறு. ஆபீஸ் வண்டியில் வெளியாட்களை ஏற்றக் கூடாது, ஏற்றினால் வேலை போய்விடும். கணக்கர் மிக்தாலியா, இயக்குநரின் அக்காள் மகள், தினமும் பின்சீட்டில் வருவது அதை வேவு பார்க்கத்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அதுவே பயமாக இருக்கும்.

"தள்ளினவங்கள விட்டுட்டா போக முடியும்? ஏறித் தொலைங்க," என்று எரிந்து விழுந்தார் எரிபெர்தோ.

நர்ஸும், காய்ச்சல் குழந்தையோடு ஒரு தாயும், குத்திப் பேசியவரும் மிக்தாலியாவை இடித்துக்கொண்டு ஏறினார்கள். அவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஆபீஸ் வந்து சேர்ந்ததும், யோஸ்பெல் சாவியை எடுத்து நீட்டினான்.

"மெக்கானிக் எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டாரு தலைவரே. கோளாறே இல்லைங்கறாரு. நீங்க விரட்டுறதுக்கு முந்தி நானே போயிடறேன்."

எரிபெர்தோ சுற்றுமுற்றும் பார்த்தார். மிக்தாலியா உள்ளே போயிருந்தாள். அவன் கையைப் பிடித்துத் தன் சீட்டுக்கு அடியில் வைத்தார். விரலில் ஒரு சின்ன சுவிட்ச் தட்டுப்பட்டது.

"திருடனுக்குப் பயந்து போட்டது. தட்டினா கரண்ட் போயிடும், வண்டி நின்னுடும். தள்ள ஆரம்பிச்சதும் நானே திரும்பப் போட்டுடுவேன். இறங்கினா எப்படிப் போடறது?"

யோஸ்பெலுக்குக் கோபம்தான் வந்தது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தலைவரே. தூக்கம் போச்சே எனக்கு."

"சொல்லியிருக்கணும், தப்புதான். சொன்னா நீ சிரிச்சுடுவ, அவ கண்டுபிடிச்சுடுவா. ஆளுங்கள ஏத்தாதேன்னு நமக்கு உத்தரவு போடலாம். நிக்காதேன்னு வண்டிக்கு யாரு உத்தரவு போடறது?"

யோஸ்பெல் சாவியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை. நிறுத்தம் தூரத்தில் தெரிந்தது. யோஸ்பெல் சிரிப்பு வராமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். எரிபெர்தோவின் கை மெல்லச் சீட்டுக்கு அடியில் போனது.

"கொஞ்சம் இருங்க தலைவரே," என்றாள் பின்சீட்டிலிருந்து மிக்தாலியா. "பையை எடுத்து மடியில வெச்சுக்கறேன். அப்புறம் நிறுத்துங்க."