எட்ஃபூ கல்யாணம்

"எட்ஃபூவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வேற எங்கயும் போகல டாக்டர்," என்றான் மிர்கனி. சொல்லி முடிப்பதற்குள் மறுபடி வாந்தி வந்துவிட்டது. வாளியை எடுத்து நீட்டியவர் அண்ணன் கலீஃபா.

டாக்டர் ஹனான் நம்பவில்லை. வந்திருப்பது காலராதான் என்று பரிசோதனை சொல்லிவிட்டது. எகிப்தின் இந்த அஸ்வான் பக்கத்தில், எட்ஃபூ உட்பட, அது எங்கும் கிடையாது. எல்லைக்கு அந்தப் பக்கம், சூடானில்தான் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுல எவனும் எல்லை தாண்ட மாட்டான்," என்று கலீஃபா முந்திக்கொண்டார். சிகரெட் பிடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவசரமாக வெளியே போனார்.

மிர்கனி கூரையைப் பார்த்தான். தங்கை ஸகினா, சூடானின் வாதி ஹல்ஃபாவிலிருந்து வந்த ஒரு லாரி டிரைவரை விரும்பிக் கட்டிக்கொண்டு எல்லைக்கு அப்பால் போய்விட்டாள். அவள் வாசலை மிதிக்கிறவன் இனி என் படகில் கால் வைக்கக் கூடாது என்று, மசூதிக்கு எதிரே ஊர் கேட்கச் சொன்னவர் அண்ணன். அந்தப் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றித்தான் மிர்கனியின் அடுப்பு எரிந்தது.

கலீஃபா திரும்பி வந்தார். புகை வாடையே இல்லை. முகம் மட்டும் நனைந்திருந்தது. பேரீச்சம்பழம் கொள்முதல் செய்ய எல்லையோரத்து அபு சிம்பல் வரை போய்விட்டு வந்த அலைச்சல், இதில் தம்பி வேறு இப்படிப் படுத்துவிட்டான் என்று டாக்டரிடம் அலுத்துக்கொண்டார்.

ஹனான் பேனாவை எடுத்தார். எட்ஃபூவுக்கு இன்றே ஆள் அனுப்பி, அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்ட அத்தனை பேரையும் சோதிக்கப்போவதாகச் சொன்னார். முதலில் மாப்பிள்ளையின் விலாசம் வேண்டுமாம். இல்லாத மாப்பிள்ளைக்கு எந்தத் தெருவைச் சொல்வது என்று மிர்கனி விழித்தான்.

"நீ மறைச்சா, நிஜமா இது எங்கேருந்து வந்துச்சோ அங்க யாரும் போய்ப் பாக்க மாட்டாங்க," என்றார் ஹனான். "அங்க கைக்குழந்தை ஏதாவது இருந்தா? பொழுது சாயறதுக்குள்ள போயிடும்ப்பா."

அவ்வளவுதான், மிர்கனி உடைந்துபோனான். ஹல்ஃபாவுக்குத்தான் போனதாகவும், ஸகினாவுக்குக் குழந்தை பிறந்திருப்பது கேள்விப்பட்டு மனசு கேட்கவில்லை என்றும், அவள் வீட்டுப் பானைத் தண்ணீரைத்தான் குடித்ததாகவும் கொட்டித் தீர்த்தான். அண்ணன் இருந்த பக்கம் அவன் திரும்பவே இல்லை.

ஹனான் எண்ணை வாங்கி அங்கேயே போன் போட்டார். தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பானையைக் கவிழ்க்கச் சொன்னார். தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும், உடனே பக்கத்து மருத்துவமனைக்குப் போய்க் காட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

இனி இடி விழப்போகிறது என்று மிர்கனி கண்களை மூடிக்கொண்டான். படகு போச்சு, பிழைப்பும் போச்சு.

கண்ணைத் திறந்தான். கலீஃபா செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் மெல்லச் சாய்ந்தார். அங்கியின் கையைச் சுருட்டி, சலைன் ஏற்றக் கையை டாக்டர் பக்கம் நீட்டிவிட்டு, தம்பியைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை சிரிச்சா அப்படியே நம்ம அம்மா மாதிரி இருக்குல்லடா?"