ஐந்து மாத உரம்

இராசதுரை ஏழாவது பையையும் கிள்ளிப் பார்த்துவிட்டு வைத்தார்.

புஷ்பராணிக்குப் பொறுமை போய் அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஒஸ்லோவின் கிழக்குப் புறத்துச் சனம் முழுவதும் அந்தத் தோட்டக் கடைக்குள்தான் வண்டில் தள்ளிக்கொண்டு நின்றது. வருகிறவர்கள் ஒரு பையைத் தூக்கிப் போட்டார்கள், போனார்கள். இவர் மட்டும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொரு மண்ணையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இஞ்சருங்கோ, மண்தானே. ஏதாவது ஒண்டைத் தூக்குங்கோவன்.”

“சும்மா இரும் புஷ்பம். இது தக்காளி இல்லை.”

தக்காளி இல்லை என்பதுதான் வில்லங்கமே.

வீதியில் ஒரு வாகனமும் இல்லாதபோதும் சிவப்பு விளக்கு மாறும்வரை நிற்கிற மனிதர். நோர்வேக்கு வந்த முப்பத்தாறு வருடத்தில் ஒருநாளும் டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறாதவர். அவர் இப்போது எல்லிங்ஸ்ருட்டில் வைத்திருக்கும் தோட்டத் துண்டின் மூலையில், ராஸ்பெரிப் பற்றைக்குப் பின்னால், கஞ்சா வளர்க்கப் போகிறார். விதைகள் ஐந்தும் வீட்டில், சாமிப் படத்துக்குக் கீழே, திருநீறு மடித்த காகிதச் சரைக்குள் இருந்தன. யாரிடம் வாங்கினார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார். அவருக்குப் பொய் வராது.

வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலைக்கு நின்றவர். பட்டியில் ஓடி வரும் மீனைக் கண்ட கணத்திலேயே கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று முடிவெடுத்த கை அது. இன்று மண்ணுக்கு முன்னால் தவித்தது. இரண்டு கிழமையாக வீடியோ பார்த்துக் குறித்து வைத்திருந்தார். முதலில் நைதரசன் கூட வேண்டுமாம், பிறகு பொசுபரசாம். கறுத்த மண் ஈரத்தைப் பிடித்துவிடுமாம். கோழி எரு சூடாம். மண்ணோடு கலக்கிற தென்னந் தும்புச்சோற்றுக் கட்டி ஒன்றை எடுத்துத் திருப்பினார். இலங்கையில் செய்தது என்று எழுதியிருந்தது. அதை மணந்து பார்த்தார். பிறகு, ஊர்த் தும்பை இந்தக் காரியத்துக்குள் இழுக்கக் கூடாது என்பதுபோல மெதுவாகத் திரும்ப வைத்தார்.

எட்டாவது பைக்குக் குனிந்தபோது கடைப் பெண் ஒருத்தி வந்தாள். மேரின் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இருபது வயதுக்கு மேல் இராது. என்ன செடிக்கு என்று கேட்டாள்.

தக்காளி என்றார் இராசதுரை. காது இரண்டும் சிவந்துவிட்டன. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆளுயரம் வளர வேண்டும் என்றார். காய் வேண்டாம், பூ போதும் என்றார். பூ நெருக்கமாக வர வேண்டும் என்றார்.

புஷ்பராணி ரோஜாத் தொட்டிகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேரின் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அந்த மாதிரித் தக்காளிக்குத் தண்ணீர் தேங்காத மண்தான் நல்லது என்று சொல்லி ஒரு பையைக் காட்டினாள்.

மண் முடிந்தது. அப்பாடா என்று அவள் மூச்சு விட, இராசதுரை உரத் தட்டுக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அங்கே இன்னொரு அரை மணித்தியாலம்.

கால் கடுத்தது. மண் பைகளின் அடுக்கில் புஷ்பராணி உட்கார்ந்துவிட்டாள். மேரின் எங்கிருந்தோ ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு மிடறு குடித்ததும் வயிறு புரட்டியது. கண்ணை மூடி, வந்ததைத் தொண்டையிலேயே நிறுத்தினாள். ஒரு மாதமாக இப்படித்தான். ஆஸ்பத்திரிக் குளிசைகள் நோவை அடக்கின, ஆனால் சாப்பாட்டை உள்ளே இருக்க விடவில்லை.

இந்தச் செடியின் பூ பசி எடுக்கவைக்கும் என்று எங்கேயோ வாசித்த நாளிலிருந்துதான் மனிதர் இப்படி ஆகியிருந்தார். யாரிடமாவது காய்ந்ததை வாங்கலாமே என்று அவள் எரிந்து விழுந்தபோது, கண்டவன் கலந்து விற்பதை உமக்குத் தரமாட்டேன், என் கையால் வளர்த்துத்தான் தருவேன் என்றுவிட்டார்.

இப்போது ஒரு கையில் போத்தலும் மறு கையில் பெட்டியுமாக வந்து நின்றார்.

“போத்தல் எண்டால் கிழமைக்குக் கிழமை ஊத்தவேணும். இது ஒருக்காப் போட்டால் காணும், ஐஞ்சு மாதத்துக்கு மெல்ல மெல்லக் கரையும். பூ வர எப்பிடியும் செப்டெம்பர் முடிஞ்சிடும். எது நல்லது? நீரே சொல்லும்.”

நகக்கண்ணெல்லாம் கறுப்பு. நெற்றியில் ஒரு கோடு மண். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதரின் முகத்தில் இவ்வளவு மும்முரத்தை அவள் கண்டதில்லை. எதையாவது எடுத்துத் தொலையுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“ஐஞ்சு மாதத்தையே எடுங்கோ,” என்றாள். “பெரிய பெட்டியாப் பாத்து.”

இராசதுரை வாயெல்லாம் பல்லாகப் பெரிய பெட்டி தேடிப் போனார்.

இரண்டு கிழமைக்கு முந்திய வியாழக்கிழமை, அவர் காரை வேறு இடத்தில் நிறுத்தப் போயிருந்த பத்து நிமிடத்துக்குள், ஜூலையைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொல்லி முடித்திருந்தார். படியேறி மூச்சு வாங்க ஓடிவந்து ‘என்னவாம்?’ என்று கேட்டவரிடம், சாப்பாடு மட்டும் உள்ளே போனால் எல்லாம் சரியாகிவிடுமாம் என்று சொன்னவள் புஷ்பராணிதான்.