பசியில்லாத மீன்கள்

"இவன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. முதல்ல இவனை என் கண்ணு முன்னாடி நிக்க வேண்டாம்னு சொல்லுங்க!"

நாலாம் மேசைப் பெண் தூண்டிலைத் தரையில் எறிந்துவிட்டு எழுந்தாள். உணவகத்தின் நடுவே பெரிய தொட்டி, அதைச் சுற்றிப் பன்னிரண்டு மேசைகள். வருகிறவர்கள் தாங்களே பிடிக்கிற மீனை அங்கேயே பொரித்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியாகியும் ஒரு மேசைக்கும் தட்டு வரவில்லை.

தொட்டிக்காரன் அவள் முன்னால் கைகட்டி நின்றான். சமையல் படித்துவிட்டு வந்தவன்தான். ஆனால் இரை கோப்பதும் முள்ளில் மாட்டிய மீனைக் கழற்றுவதும் தொட்டி கழுவுவதும்தான் அவனுக்கு வேலை.

"ஒண்ணரை மணி நேரமா குச்சியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு மீன் திரும்பிக்கூடப் பார்க்கல. இரைன்னு என்னத்தைக் கோத்துக் குடுத்தே?"

"மண்புழுதாங்க மேடம்."

"உன்னையே கோத்து உள்ள விட்டாக்கூட ஒண்ணும் சீண்டாது போலிருக்கு."

பக்கத்து மேசைகள் சிரித்தன. அவன் தலை இன்னும் தாழ்ந்தது.

முதலாளி கல்லாவை விட்டு ஓடிவந்தார். "கோபப்படாதீங்க மேடம். இந்தப் பக்கமா வந்து போடுங்க, இங்க நல்லா கடிக்கும்."

"மாறி மாறி உட்கார்றதுக்கு இதென்ன மியூசிக்கல் சேரா? மீன் ஏன் கடிக்கலன்னு இவனைக் கேளுங்க."

முதலாளி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மீன்கள் வயிறு புடைத்து, மந்தமாக மிதந்துகொண்டிருந்தன. இரை மூக்கில் இடித்தால் சலிப்போடு விலகிப் போயின. அவருக்குப் புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இரவோடு தீனியை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த உணவகத்தின் எழுதாத சட்டம். பசித்த மீன்தான் ஞாயிற்றுக்கிழமை முள்ளைக் கவ்வும்.

"தீனி போட்டியாடா?"

அவன் குனிந்து, அவள் எறிந்த தூண்டிலை எடுத்தான்.

"வாயைத் திறடா!"

"காலையில... ஒரு மூட்டை போட்டேன் முதலாளி. பசி தாங்காம ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"ஓ, மீன் மேல இரக்கமோ? அப்படியே ஒரு தொட்டிலும் கட்டித் தாலாட்டியிருக்கலாமே!" முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "அக்ரிமென்ட் இன்னும் ரெண்டு வருஷம் இருக்குங்கிற திமிரு. நீயா விட்டுட்டு ஓடினா உன் சர்டிபிகேட் என்கிட்டயே கிடந்து மக்கிப் போகும். நானா துரத்தினா இந்த ஊர்ல எந்தச் சமையல்கட்டும் உன்னைச் சேர்க்காது. தெரியுமில்ல?"

"தெரியும் முதலாளி. இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க. வேலை போச்சுன்னா..."

முதலாளி யோசித்தார். இத்தனை வேலையையும் எதிர்த்துப் பேசாமல் செய்கிற ஆள் லேசில் கிடைக்க மாட்டான். குரலை இறக்கிக்கொண்டார்.

"மேடம், கல்யாணமான பத்தாம் நாளே இங்க வந்துட்டான். ஆறு மாசமா பொண்டாட்டியை எட்டிக்கூடப் பார்க்கல. அந்த நினைப்புல ஏதோ புத்தி தடுமாறிப் போச்சு. விட்டுடுங்க."

அவள் போட்ட கூச்சலில் தொட்டியின் ஓரத்தில் நின்ற மீன்கள்கூட உள்ளே போயின.

"இவன் குடும்பக் கதையைக் கேட்கவா வந்தேன்? நீங்கெல்லாம் என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கீங்க? உங்க பிள்ளைங்களும் பட்டினிதானே?"

"அதானே!" என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இவனை வெச்சிருந்தா நாங்க இனிமே இந்தப் பக்கமே வர மாட்டோம்யா." அவர் பின்னால் மூன்று மேசைகள் எழுந்தன.

"இன்னைக்கே இவன் போகணும்" என்றாள் அவள். "இவன் பேப்பர் எல்லாத்தையும் இப்பவே கையில குடுத்து அனுப்புங்க. இல்லேன்னா அதை வாங்க வந்தேன்னு நாளைக்கு மறுபடியும் வந்து காலைப் பிடிப்பான். நீங்களும் மனசு இளகிடுவீங்க."

எழுந்தவர்கள் வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலாளி கல்லாவின் இழுப்பறையைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்துவந்து அவன் நெஞ்சில் எறிந்தார்.

"பொறுக்கிக்கிட்டுப் போடா! இனி இந்தப் பக்கம் உன் தலை தெரியக் கூடாது."

ஈரத் தரையில் சிதறிய தாள்களை அவன் ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டையில் துடைத்தான். உதவிக்கு யாரும் குனியவில்லை. நாலாம் மேசைப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு, அவனைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு தெரு தள்ளியிருந்த பேருந்து நிறுத்தத்தில் அவன் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். மடியில் இருந்த ஃபைலை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அதே பெண். சாலையைக் கடந்து நேராக அவனிடம் வந்தாள். முகத்தில் கோபம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. அவன் சட்டென்று எழுந்து நின்றான்.

அவள் நிமிரவில்லை. தண்ணீரில் ஊறி வெளுத்து, விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்த அவன் பாதங்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, ரொம்பத் திட்டிட்டேனா?"