நோன்புக் கஞ்சியின் உப்பு

அத்தாவை அடக்கம் செய்து ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகிறது. மேற்குத் தாம்பரம் வீட்டுக் கூடத்தில் நண்பகல் வெயில் பாயின் பாதிவரை வந்து கிடக்கிறது. சுவரோரம் அவருடைய பிரியாணிக் கரண்டி, கழுவிக் கவிழ்த்தபடி. திரைக்குப் பின்னால், கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில், அம்மா. மகள் சபீஹா தண்ணீர்ச் சொம்போடு நிற்கிறாள். இருபது வருடம் அத்தாவோடு அடுப்பில் நின்ற கோதண்டம், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறார். "சௌகத் பாய் கை தராசு கணக்கா இருக்கும் பாப்பா. ஒரே ஒரு தபா, பள்ளிவாசல் நோம்புக் கஞ்சில உப்பு ஏறிக்கிச்சு. அப்பால கஞ்சிக்கு அவரக் கூப்டவே இல்ல. 'என் கை தப்பு கோதண்டம்'னாரு, அவ்ளோதான்." மின்சார ரயில் கடக்கும்போது சொம்பில் நீர் நடுங்குகிறது. நோன்பிலிருந்த அத்தா அன்று கிண்ணத்தை இவளிடம்தான் நீட்டினார். "கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ள, உப்பு பாத்துச் சொல்லு." மாதவிலக்கு நாள், இவளுக்கு நோன்பில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்ததே இவளைக் கூசவைத்தது. "சரியா இருக்குத்தா" என்றாள். திரை அசையாமல் தொங்குகிறது. சபீஹா சொம்பைக் கீழே வைக்கிறாள். "அத்தா கை தப்பு இல்ல மாமா. அந்தக் கஞ்சிய நான் வாயில வைக்கவே இல்ல."